பந்தயத்துக்கு அடுத்த ஞாயிறு

எங்கள் ஓட்டக் குழுவைப் பற்றி யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "எத்தனை பிள்ளைகள் ஓடி முடித்தார்கள்?" உறவினர் கேட்பார், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் கேட்பார், பண உதவி செய்கிற நிறுவனத்தின் படிவமும் கேட்கும். அந்தப் படிவத்தில் மூன்று கட்டங்கள்: சேர்ந்தவர்கள், பந்தயத்துக்கு வந்தவர்கள், முடித்தவர்கள். மூன்றாவது கட்டத்தில் நாங்கள் எழுதும் எண் எப்போதும் நன்றாகவே இருக்கும். மெதுவாகவும் ஒழுங்காகவும் பயிற்சி எடுத்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு அரை மாரத்தான், அதாவது 21 கிலோமீட்டரும் சொச்சமும், எட்டாத தூரம் அல்ல. எண்ணைப் பார்த்து எல்லோரும் மகிழ்கிறார்கள். எனக்கு மட்டும் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது சோற்றில் கல் கடிபட்டது போல இருக்கும். ஏன் என்று வெகுகாலம் எனக்கே பிடிபடவில்லை.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: நெடுந்தூர ஓட்டம் பிள்ளைகளைத் திருத்திவிடும் என்பது. மேடையில் பேசுகிறவர்கள் இதை மிகச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஓடினால் ஒழுக்கம் வரும், ஒழுக்கம் வந்தால் படிப்பு வரும், படிப்பு வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். நான் பல ஆண்டுகளாக ஓடுகிறவள். வாங்கிய கடனைத் திருப்பித் தராதவர்கள், வீட்டில் கை நீட்டுகிறவர்கள், ஓடிய தூரத்தைக் கூட்டிச் சொல்கிறவர்கள் என எல்லா வகையினரும் என்னோடு ஓடியிருக்கிறார்கள். கால் வலுத்தால் குணமும் வலுக்கும் என்பதற்கு என்னிடம் சான்று கிடையாது. எங்கள் குழுவிலேயே மிக வேகமான பையன் ஒரு பயிற்சியைக்கூடத் தவறவிட்டதில்லை. பள்ளிக்குத்தான் போகாமல் இருந்தான். சாலையில் அவன் காட்டிய விடாப்பிடி வகுப்பறை வாசலோடு நின்றுகொண்டது. மேடைப் பேச்சின் கணக்குப்படி இப்படி நடக்கக் கூடாது.

திருத்தாது என்றால் எதற்காக விடியுமுன் எழுந்து பிள்ளைகளோடு ஓட வேண்டும்? இந்தக் கேள்வியைத்தான் நான் நீண்ட நாளாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

இந்த வேலை ஒன்றும் புதிதல்ல. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் முதல் மாரத்தான் நடந்தது 1986இல். அதன் பின் சில ஆண்டுகளுக்குள், ஹாரி ஷபாசியன் என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களையும் அந்த 42 கிலோமீட்டருக்குத் தயார்செய்யத் தொடங்கினார். வழக்கமான பள்ளியில் நிலைக்க முடியாமல் மாற்றுப் பள்ளிக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் அவர்கள். அந்த முயற்சிதான் 'ஸ்டூடண்ட்ஸ் ரன் எல்.ஏ.' என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது. 2004இல் பிலடெல்பியாவில் அதே வழியில் இன்னொன்று தொடங்கியது. இரண்டிலும் ஓட்டப் பயிற்சி நிபுணர்களைத் தேடிப் பிடித்து அமர்த்தவில்லை. ஆசிரியர்களும் மற்ற வேலைகளில் இருந்த சாதாரணமானவர்களும்தான் பிள்ளைகளோடு சேர்ந்து அதே தூரத்தை ஓடினார்கள். முழு விஷயமும் அந்த 'சேர்ந்து' என்பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஊதலை வாயில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும் பெரியவரைப் பிள்ளைகள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். தங்களுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, வியர்வை வழிய, தங்களைவிட மோசமாக ஓடுகிற பெரியவரை அவர்கள் பார்த்திருப்பது அபூர்வம்.

நின்றால் குற்றம்

நகரத்துப் பிள்ளைகளுக்குக் குறை என்று கேட்டால் பலரும் பணத்தைச் சொல்வார்கள், குடும்பத்தைச் சொல்வார்கள். நான் முதலில் சொல்வது இடம். பதினைந்து வயதுப் பையன்கள் நான்கு பேர் ஓரிடத்தில் சும்மா நின்றால் போதும், யாராவது வந்து விரட்டுவார்கள். குடியிருப்பின் படிக்கட்டில் உட்கார்ந்தால் காவலாளி, கடை வாசலில் நின்றால் கடைக்காரர், பூங்காவில் என்றால் அங்கே நடைப்பயிற்சி செய்கிற ஓய்வுபெற்றவர்கள். வீட்டில் ஓர் அறையில் ஐந்து பேர். பள்ளி மைதானம் பள்ளி நேரத்துக்குப் பிறகு பூட்டிக் கிடக்கும். அதே நான்கு பையன்களுக்கு ஒரே நிறச் சட்டையை மாட்டி, வரிசையாக ஓடவிட்டுப் பாருங்கள். முந்தின நாள் விரட்டிய அதே மனிதர்கள் கைதட்டுகிறார்கள். நின்றால் சந்தேகப்படுகிற ஊர், ஓடினால் பெருமைப்படுகிறது. இந்த வேடிக்கையைப் பையன்களே கண்டுபிடித்து எனக்குச் சொன்னார்கள். சொல்லும்போது அவர்கள் குரலில் கசப்புகூட இல்லை. ஏதோ பஸ் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார்கள்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. அவர்கள் நின்றாலும் முறைப்பு, ஓடினாலும் முறைப்பு. தன் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் உள்ள பாலத்தை அதுவரை கால்நடையாகக் கடந்ததே இல்லை என்று ஒருத்தி சொன்னாள். பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். பத்துப் பன்னிரண்டு பேரோடு சேர்ந்து அந்தப் பாலத்தின் மேல் ஓடிய அன்று, நடுவில் நின்று, இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தாள். நான் நேரம் பார்க்கும் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அவளுக்கு அவசரமே இல்லை. பிறந்து வளர்ந்த ஊர்தான், ஆனால் அதில் அவளுக்குப் பழக்கமான தெருக்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. நெடு ஓட்டம் அந்தக் கணக்கைக் கூட்டுகிறது. பதினைந்து கிலோமீட்டர் ஓடவேண்டும் என்றால் ஒரு பேட்டைக்குள் அடங்கி ஓட முடியாது. எல்லை தாண்டித்தான் ஆக வேண்டும்.

பேச்சு வரும் வேகம்

புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் முதல் நாள் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். தொடங்கியதும் பாய்ந்து ஓடுவார்கள். நானூறு மீட்டரில் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நிற்பார்கள். அவர்களைக் கடந்து, ஏறக்குறைய நடக்கிற வேகத்தில், குழுவின் பழைய பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டே போவார்கள். அதுதான் முதல் பாடம். மூச்சு இரைக்காமல் ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடிகிற வேகம். அதற்கு மேல் போகாதே. இது இரக்கப்பட்டுக் கொடுக்கும் சலுகை அல்ல, உடலியல். அந்த வேகத்தில்தான் தசைகள் தமக்கு வேண்டிய ஆற்றலை ஆக்சிஜனைக் கொண்டே பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றன. வாரக்கணக்கில் அப்படி ஓடும்போது தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, செல்களில் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுகின்றன. உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்களே தங்கள் பயிற்சித் தூரத்தின் பெரும்பகுதியை மெதுவாகத்தான் ஓடுகிறார்கள். இதை நம்பவைக்க எனக்கு எப்போதும் இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். பதினைந்து வயதில் மெதுவாகப் போவது அவமானம்.

ஆனால் நான் சொல்ல வந்தது தசையைப் பற்றி அல்ல. பேச முடிகிற வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால், யாராக இருந்தாலும் கடைசியில் பேசித்தான் ஆக வேண்டும். எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "சொல்லு, என்ன பிரச்சினை?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. ஓட்டத்தில் இருவரும் முன்னால் பார்த்தபடி இருக்கிறோம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பேச்சு நின்றுபோனால் மூச்சு வாங்குவதாகக் காட்டிக்கொள்ளலாம். ஏழாவது எட்டாவது கிலோமீட்டரில், சாலைக் குழியைத் தாண்டும்போது, யாரோ ஒரு நண்பனுக்கு நடந்தது போல ஒரு கேள்வி வரும்: "அக்கா, ஒருவனுடைய அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்றால், அந்தப் பையன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போவது தப்பா?" அந்த ஒருவன் யார் என்று இருவருக்கும் தெரியும். உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. "அந்தப் பையன் என்ன நினைக்கிறான்?" என்று கேட்டுவிட்டு அடுத்த விளக்குக் கம்பம் வரை சும்மா ஓட வேண்டும். வழிகாட்டிகளாக வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் மிகக் கடினம். தூரத்தைத் தாங்குகிறார்கள், அறிவுரை சொல்லாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். நம்பிக்கையோடு பேசுகிற பிள்ளை என்பதற்காகக் கட்டுப்பாடு இல்லாமல் இருக்க முடியாது. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் தனியே கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போகக் கூடாது. எப்போதும் இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்க வேண்டும். பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று தெரிந்தால் அதை ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாது என்பதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். நல்ல மனசு இருந்தால் போதும் என்று நினைத்து வருகிற சிலருக்கு இந்த விதிகள் முகம் சுளிக்க வைக்கின்றன. சுளிக்கட்டும்.

அதிகாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருவ வயதில் உடலின் தூக்கக் கடிகாரம் பின்னால் நகர்கிறது. இரவில் தாமதமாகத்தான் தூக்கம் வரும், காலையில் எழ முடியாது. இதை வைத்துத்தான், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளைக் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல் பரிந்துரைத்தது. நாங்களோ வெயிலுக்கும் வாகனத்துக்கும் பயந்து ஐந்தரைக்கு வரச் சொல்கிறோம். தாமதமாக வருகிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுகிற வழிகாட்டியிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிடுவேன். இந்த வயதில் ஐந்தரைக்கு ஒரு பிள்ளை வாசலில் நிற்கிறது என்றால், ஒழுக்கத்தைத் தவிர வேறு ஏதோ ஒன்று அதை எழுப்பிக் கூட்டி வருகிறது.

தூரத்தின் மயக்கம்

அரை மாரத்தானோடு நிறுத்தாமல் முழுத் தூரம் ஓட வேண்டும் என்று ஒவ்வொரு ஆண்டும் இரண்டு மூன்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பார்கள். லண்டன், நியூயார்க், பாஸ்டன் போன்ற பெரிய மாரத்தான்களில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு இடமில்லை. லாஸ் ஏஞ்சலஸில் பள்ளிப் பிள்ளைகள் பல மாதப் பயிற்சிக்குப் பிறகு ஓடுகிறார்கள். எது சரி என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் வாதம் உண்டு. வளரும் பிள்ளையின் எலும்பு நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் இன்னும் கெட்டிப்படாதவை. முழங்கால் சில்லுக்குக் கீழே புடைத்து வலிப்பதும், குதிகால் பின்புறம் வலிப்பதும் இந்த வயதில் சாதாரணம். ஓட்டத்தைக் குறைத்தால் தானே அடங்கும். குறைக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் அடங்காது. பெண் பிள்ளைகள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு தூரத்தைக் கூட்டினால் மாதவிடாய் நின்றுபோகலாம், எலும்பில் கீறல் விழலாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதுதான் வீரம் என்று சொல்லித்தருகிற பயிற்சியாளர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் பாதித் தூரத்தின் பக்கம். என் குழுவில் முழுத் தூரம் பதினெட்டுக்குப் பிறகுதான்.

பயிற்சிக்கு வந்த ஒருவனுடைய ஷூ எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அண்ணன் போட்டுக் கழித்தது. இரண்டு அளவு பெரியது. முன்பக்கத்தில் கிழிந்த துணியைச் சுருட்டித் திணித்திருந்தான். ஓடும்போது ஷூ கழன்றுவிடாமல் இருக்க விரல்களை உள்ளே மடக்கிப் பிடித்துக்கொள்வான். அதனால் அவன் கெண்டைக்கால் மற்றவர்களுக்கு முன்பே இறுகிப்போகும். ஒரு நாள் ஷூவைக் கழற்றச் சொன்னேன். பெருவிரல் நகம் கன்றிக் கறுத்துப் பாதி எழும்பி நின்றது. "வலிக்கவில்லையா?" என்றேன். "எல்லோருக்கும் இப்படித்தானே இருக்கும்?" என்றான். ஓட்டம் என்றாலே இப்படித்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். சரியான அளவு ஷூ போட்ட முதல் நாள், வேகம் கூடியதைவிட விரல்களை விரித்து வைக்க முடிகிறது என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த ஞாயிறு

பந்தயத்தைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. ஓடினார்கள், முடித்தார்கள், பதக்கம் வாங்கினார்கள், புகைப்படம் எடுத்தோம். படிவத்தின் மூன்றாவது கட்டம் நிரம்பியது. எங்கள் பயிற்சி அட்டவணை பந்தய நாளோடு முடிகிற ஒரு தாள். கடைசிக் கட்டத்தில் நட்சத்திரம் போட்டிருக்கும். அதற்குக் கீழே வெற்றுத்தாள்.

அடுத்த ஞாயிறு எனக்கு மைதானத்துக்குப் போக வேண்டிய வேலை எதுவும் இல்லை. பழகிய உடம்பு எழுந்துவிட்டது, மெதுவாக நடந்துவிட்டு வரலாம் என்று போனேன். வாசலில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்ட உடையில் யாரும் இல்லை. ஒருவன் செருப்பு போட்டிருந்தான். ஒருத்தி இன்னும் காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தாள். பள்ளிக்குப் போகாத அந்த வேகக்காரனும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"இன்றைக்குப் பயிற்சி இல்லையே. தெரியாதா?"

"தெரியும், அக்கா."

"பிறகு?"

"எழுந்துவிட்டோம்."

அவ்வளவுதான் பதில். என் பதிலும் அதேதான் என்பதால் மேலே கேட்க எனக்கும் வழியில்லை. கால் வலி யாருக்கும் முழுதாகப் போகவில்லை; நடக்கலாம் என்றேன். வழக்கமாக ஓடுகிற பாதையில்தான் நடந்தோம். நடக்கும்போது அந்தப் பாதை வேறு பாதையாக இருந்தது, மிக நீளமாகவும். பாதி தூரத்தில் வேகக்காரன் என் பக்கத்துக்கு வந்தான்.

"எங்களோடு ஓடுவதற்கு உங்களுக்கு யாராவது சம்பளம் தருகிறார்களா, அக்கா?"

"இல்லையே."

"பந்தயத்துக்கு வந்ததற்கு?"

"அதற்கும் இல்லை."

"இன்றைக்கு?"

"இன்றைக்கு நான் வருவதாகவே யாருக்கும் தெரியாதே."

சரி என்பது போலத் தலையாட்டினான். கொஞ்ச தூரம் போன பிறகு, "அடுத்த வாரமும் வருவீர்களா?" என்றான். வருவேன் என்றேன். அதற்குப் பிறகுதான், கேட்காமலேயே, பள்ளிக் கதையைச் சொன்னான். ஒரு வகுப்பில் தவறிவிட்டான். கூடப் படித்தவர்கள் எல்லோரும் மேலே போய்விட்டார்கள். தன்னைவிட ஒரு தலை குட்டையான பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். முதல் நாள் உள்ளே நுழைந்தபோது ஒரு சின்னப் பையன் அவனை ஆசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டானாம். வகுப்பே சிரித்தது. அன்று வந்தவன்தான், திரும்பிப் போகவில்லை. இத்தனை மாதங்கள் வாரம் தவறாமல் என் பக்கத்தில் ஓடியவன், ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம், எந்த மேட்டில் எப்படி மூச்சு விடுவது என்று பேசியவன், இதை மட்டும் அன்றைக்கென்று வைத்திருந்தான். பந்தயம் வரை நான் வருவேன் என்று அவனுக்குத் தெரியும், அட்டவணையில் போட்டிருக்கிறது. அட்டவணை முடிந்த பிறகும் வருகிற ஆளா என்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

இதை வைத்து மறுபடி மேடைக் கதை ஆக்கிவிட வேண்டாம். அவன் மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்தான், பாதியில் நின்றான், மறுபடி சேர்ந்திருக்கிறான். அவ்வளவுதான் இதுவரை. ஓட்டத்தில் வேகம் குறைந்துவிட்டது. அதற்காக நான் வருந்தவில்லை.

முடித்துவைப்பவர்கள்

அதற்குப் பிறகுதான் வழிகாட்டல் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. பெரியவர் ஒருவரோடு இணைத்துவிடப்பட்ட பிள்ளைகளை, அந்த உறவு எவ்வளவு காலம் நீடித்தது என்பதை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்தவர்களிடம்தான் நல்ல மாற்றங்கள் அதிகம். மிகக் குறுகிய காலத்தில், மூன்று மாதத்துக்குள், முறிந்துபோன உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. யாரும் வராமலேயே இருந்திருந்தால்கூட அவ்வளவு மோசமில்லை என்று அர்த்தம். வந்துவிட்டுப் போகிறவர்கள் வராதவர்களைவிடக் கெடுதல் செய்யலாம். பந்தயத்தை மையமாக வைத்து நடக்கிற குழுக்களின் வடிவத்தையே இது உறுத்த வேண்டும். பயிற்சிக் காலம் நான்கைந்து மாதம், உச்சத்தில் பதக்கம், மறுநாள் கலைந்துவிடுகிறோம். பிள்ளை நம்பத் தொடங்குகிற நேரமும் நாம் விடைபெறுகிற நேரமும் ஒன்றாக அமைகிற மாதிரி நாமே தேதி குறித்து வைத்திருக்கிறோம்.

ஓட்ட உலகத்தில் நீடித்து இருப்பதற்கு உதாரணம் தேடினால் கென்யாவின் இடென் ஊர்தான் எனக்கு நினைவுக்கு வரும். அயர்லாந்திலிருந்து கோம் ஓ'கானல் என்ற கிறிஸ்தவத் துறவி 1976இல் அங்கே ஒரு பள்ளிக்குப் புவியியல் கற்பிக்கப் போனார். ஓட்டப் பயிற்சி பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அவரிடம் வளர்ந்த டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். இந்தக் கதையை எல்லோரும் சாதனையில் கொண்டுபோய் முடிப்பார்கள். நான் இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: 1976, 2012. நடுவில் முப்பத்தாறு ஆண்டுகள் அந்த மனிதர் அதே ஊரில் இருந்திருக்கிறார். தெரியாத வேலையைக் கற்றுக்கொள்ள அவ்வளவு காலம் யாருக்கும் போதும். அவருடைய மாணவர்களில் உலக சாதனை படைத்தவர்களைவிடப் படைக்காதவர்கள்தானே அதிகம் இருப்பார்கள். அவர்களோடும் அவர் காலை வேளைகளில் மைதானத்துக்குப் போயிருப்பார்.

வாரத்தில் ஒரு நாள் வருகிற நான் என்னை அவரோடு ஒப்பிடவில்லை. வேலை, வீடு, வயதான பெற்றோர் என்று எல்லோருக்கும் இருக்கிறது. முடிவே இல்லாமல் வரச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் எப்போது நிறுத்துவது என்பதைப் பந்தயத் தேதி தீர்மானிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாகிவிட்டேன். போகிறவர் பிள்ளையிடம் நேரில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எப்போதிலிருந்து வர மாட்டேன், ஏன், இனி உன்னோடு ஓடப்போவது யார் என்று. இது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. மரியாதை.

குழுவுக்குள் இதற்கு எதிர்ப்பும் வந்தது. பந்தயம் என்ற இலக்கு இல்லாவிட்டால் பிள்ளைகள் சேரவே மாட்டார்கள் என்றார் என்னோடு ஓடுகிற ஒருவர். உண்மைதான். 21 கிலோமீட்டர் என்ற எண்ணைக் கேட்டுத்தான் வருகிறார்கள். 'உங்களோடு பேச ஒரு பெரியவர் இருப்பார்' என்று சுவரொட்டி ஒட்டினால் ஒரு பிள்ளையும் வராது, வரவும் கூடாது. பந்தயம் இருக்கட்டும். அதை அட்டவணையின் கடைசியிலிருந்து நடுவுக்கு நகர்த்தினோம். இப்போது எங்கள் தாளில் நட்சத்திரத்துக்குக் கீழே இன்னும் பல வாரங்கள் இருக்கின்றன. முதல் வாரம் நடை மட்டும். இரண்டாவது வாரம் மெல்லோட்டம், கடிகாரம் இல்லாமல். பிறகு பழைய பிள்ளைகள் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு ஓடுகிற வாரங்கள். இந்தப் பகுதிக்கு வருகிறவர்கள் குறைவு. பந்தயத்துக்கு வந்தவர்களில் பாதிக்கும் கீழ். பதக்கம் கிடைத்ததும் போய்விடுகிறவர்களைப் பிடித்து இழுக்க நாங்கள் முயல்வதில்லை. பலருக்குப் போக வேறு நல்ல இடம் இருக்கிறது. இல்லாதவர்கள் வருகிறார்கள்.

படிவத்திலும் கையால் கோடு போட்டு நான்காவது கட்டம் ஒன்றைச் சேர்த்தேன்: 'பந்தயத்துக்குப் பிறகும் வருகிறவர்கள்'. நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் இளைஞர், நல்ல மாதிரி. அந்தக் கட்டத்தில் உள்ள எண் மூன்றாவது கட்டத்து எண்ணைவிடச் சிறியதாக இருக்கிறதே, மேலிடத்தில் பார்த்தால் சரிவு என்று நினைப்பார்களே என்று கவலைப்பட்டார். எப்போதும் சிறியதாகத்தான் இருக்கும் என்றேன். அப்படியானால் அதை அச்சிட்ட படிவத்தில் சேர்ப்பது கஷ்டம், வேண்டுமானால் 'குறிப்புகள்' பகுதியில் எழுதுங்கள் என்றார். எழுதுகிறேன். குறிப்புகள் பகுதியை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. அதற்காக விட்டுவிடுவதாகவும் இல்லை.

வழிகாட்டிகளைச் சேர்க்கும் முறையை மட்டும் மாற்றிவிட்டோம். புதிதாக வருகிறவரிடம் எவ்வளவு வேகமாக ஓடுவீர்கள் என்று இப்போது கேட்பதில்லை. பந்தயத்துக்கு அடுத்த ஞாயிறு எங்கே இருப்பீர்கள் என்று கேட்கிறோம். போன மாதம் வந்த ஒருவர் பல மாரத்தான்கள் முடித்தவர், நல்ல உற்சாகி. அந்தக் கேள்வியைக் கேட்டதும், பந்தயம் வரைதான் தனக்கு நேரம் இருக்கிறது, அதற்குப் பிறகு வேறு ஊரில் வேறு பந்தயம் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நேர்மையான பதில். அவரைப் பிள்ளைகளோடு இணைக்கவில்லை. எட்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசையைக் கொடுத்திருக்கிறோம், பிரமாதமாகப் பார்த்துக்கொள்கிறார்.